ரஸ்ஸல் பனியாற்றின் ஓரமாக நடக்கப் போகிறேன்: உருகுநீரை எங்கே, எப்போது பார்ப்பது?

வடகரை | ஜூன் 9

வணக்கம் எல்லாருக்கும். நான் டென்மார்க்கில் வளர்ந்தவன், வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ். ஜூலை இரண்டாம் வாரம் ஐந்து நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது. மேற்குக் கிரீன்லாந்தில் கங்கர்லுஸ்ஸுவாக்கில் தங்கி, அங்கிருந்து ரஸ்ஸல் பனியாற்றின் விளிம்புக்குப் போகலாம் என்று டிக்கெட்டும் போட்டுவிட்டேன். முன்பெல்லாம் கோப்பன்ஹேகனிலிருந்து பெரிய விமானம் நேரே அங்கேதான் இறங்கும். 2024 நவம்பர் கடைசியில் கிரீன்லாந்தின் தலைநகரான நூக்கில் புது ஓடுபாதை திறந்த பிறகு அந்தப் போக்குவரத்து நூக்குக்கு மாறிவிட்டது, அதனால் நான் அங்கே இறங்கிச் சிறிய விமானம் பிடிக்க வேண்டும். அது பரவாயில்லை.

நான் கேட்க வந்தது பயணத்தைப் பற்றி இல்லை, பனியைப் பற்றி. பெரும்பாலானவர்கள் வண்டியில் 660 என்ற இடத்துக்குப் போய், பனிமேல் ஒரு மணி நேரம் நடந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. பனி முடிந்து நிலம் தொடங்கும் ஓரத்தை ஒட்டியே இரண்டு மூன்று நாள் நடக்க ஆசை. மேலே உருகுகிற தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, பனிக்கு அடியில் போனது எங்கே வெளியே வருகிறது, ஏன் ஓரிடத்தில் பனி நீலமாகவும் பக்கத்திலேயே கரிபிடித்த மாதிரியும் இருக்கிறது, இதையெல்லாம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஆபத்து எவ்வளவு, எந்த நேரத்தில் போவது நல்லது, எதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது? போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மலை ஏறிய பழக்கம் உண்டு. பனியாற்றை இதுவரை நேரில் பார்த்ததில்லை.

*

தூவானம் | ஜூன் 9

தம்பி, நான் இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டும் ஜூலையில்தான். நீங்கள் தேர்ந்தெடுத்த இடம் சரியான இடம். கிரீன்லாந்தில் பல பனியாறுகள் கடலில்தான் போய் விழும், அவற்றின் முகத்துக்கு அருகில் போகவே முடியாது. ரஸ்ஸல் நிலத்தில் முடிகிறது. ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், மண்சாலை உண்டு. அந்தச் சாலை பனிமேல் கார்களை ஓட்டிச் சோதிப்பதற்காக ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் போட்டது. சோதனை நின்றுபோனது, சாலை மிஞ்சியது. அது முடிகிற இடம்தான் நீங்கள் சொன்ன 660.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். முதல் பயணத்தில் காலை ஆறரை மணிக்கு ஓர் ஓடையைத் தாண்டினேன். கணுக்கால் நனையும் அளவுதான், கல்மேல் கல்லாகக் கால் வைத்துப் போய்விட்டேன். அந்தப் பக்கம் பனிச்சுவரை ஒட்டி நாள் முழுக்கச் சுற்றினேன். வெயில் நன்றாக அடித்தது, சட்டையோடு நடக்கும் அளவுக்கு. மாலை ஐந்தரைக்குத் திரும்பி வந்து பார்த்தால் காலையில் மிதித்த கற்களில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தண்ணீர் தொடை மட்டத்துக்கு வந்திருந்தது, சாம்பல் நிறத்தில், நுரைத்துக்கொண்டு. அதைவிட எனக்குப் பயம் தந்தது சத்தம். தண்ணீருக்கு அடியில் பாறைகள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் கடகட சத்தம் காலடி மண்ணிலேயே அதிர்ந்தது. அதில் இறங்கியிருந்தால் கால் எலும்பு மிஞ்சியிருக்காது.

கூடாரம் எதிர்க்கரையில். கையில் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் மேல்கோட்டும் இருந்தன. ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து இரவு முழுக்கக் காத்திருந்தேன். அந்த மாதத்தில் இருட்டவே இருட்டாது, ஆனால் சூரியன் தாழ்ந்ததும் பனிப்பரப்பிலிருந்து இறங்குகிற காற்று எலும்பைத் துளைத்தது. கரையோரக் கல்லொன்றை அடையாளம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து மணி வரை தண்ணீர் இறங்கவே இல்லை. நள்ளிரவுக்குப் பிறகுதான் மெல்ல மெல்ல வடிந்தது. விடியற்காலை நாலரைக்குப் பழையபடி கணுக்காலளவுக்கு வந்ததும் தாண்டி வந்துவிட்டேன்.

ஆகவே காலையில் தாண்டுகிற ஓடையை மாலையில் தாண்ட வேண்டியிருக்காதபடி பாதையைப் போடுங்கள். முடியாது என்றால் அந்த ஓடையை விட்டுவிடுங்கள், ஓரம் நீளமானது, பார்ப்பதற்கு வேறு இடம் கிடைக்கும்.

இரண்டாவது, சுவர். ரஸ்ஸலின் முகம் சில இடங்களில் பல மாடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. அடியில் ஆறு அரித்துக்கொண்டே போவதால் திடீரென்று ஒரு பாளம் சரியும், முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தள்ளி நில்லுங்கள், நடுவில் ஆறு இருக்கிறதே என்று தைரியப்படாதீர்கள். பாளம் ஆற்றில் விழுந்தால் பனித்துண்டுகளோடு அலை எதிர்க்கரையில் ஏறும். அடியில் குகை மாதிரி நீல வாய் தெரியும், அழகு சொல்லி மாளாது. உள்ளே போக வேண்டாம்.

*

ஆற்றுப்படுகை | ஜூன் 10

தூவானம் சொன்ன ஓடைக் கதையை எங்கள் மாணவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். நான் நீரியல் துறையில் இருக்கிறேன், கங்கர்லுஸ்ஸுவாக் பக்கம் மூன்று கோடைகள் களப்பணி செய்தவள். வடகரையின் கேள்வியைத் தண்ணீரின் பின்னாலேயே போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும்.

மேலே தொடங்குவோம். கோடையில் விளிம்புப் பகுதியில் அந்த வருடத்துப் பனித்தூவி கரைந்துபோய் வெறும் பனிக்கட்டி வெளியே தெரியும். வெயில் அதன் மேல்தோலை மட்டும் அரித்து, வெள்ளையாக, பொறுபொறுவென்று, கல் உப்பைக் கொட்டி வைத்த மாதிரி ஆக்கிவிடுகிறது. காலை வைத்தால் நொறுங்கும். உருகுநீரில் ஒரு பங்கு இந்தத் தோலுக்குள்ளேயே கசிந்து மெதுவாக நகர்கிறது. அது சின்னச் சின்ன வாய்க்காலில் சேர்ந்து, வாய்க்கால்கள் ஓடையாகி, ஓடை பனிமேலேயே வளைந்து நெளிந்து ஓடும். அந்த ஓடையில் மண் இல்லை, கல் இல்லை, கரையும் படுகையும் பனி. அதனால் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், அடி நீலமாகத் தெரியும். பார்க்க விளையாட்டுப் போலத்தான் இருக்கும், ஆனால் படுகை வழவழவென்று இருப்பதால் உள்ளே கால் வழுக்கியவர் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. அந்த ஓடை போய்ச் சேருகிற இடம் பெரும்பாலும் ஒரு குழி.

அந்தக் குழிக்கு மூலின் என்று பெயர். பிரெஞ்சில் ஆலை என்று பொருள், தண்ணீர் அரைக்கும் சத்தத்தால் வந்த பெயர். ஒரு பிளவில் தண்ணீர் இறங்கி, பிளவை அகலமாக்கி, கிணறு போலச் செங்குத்தாகக் குடைந்துகொண்டு பனியின் அடிவரை போய்விடும். தண்ணீர் பனியைவிடக் கனம், அதனால் பிளவில் நீர் நிரம்பி நின்றாலே அதன் எடை பிளவை இன்னும் ஆழத்துக்குக் கிழிக்கும். 2006 ஜூலையில் இதே மேற்குக் கிரீன்லாந்தில், இன்னும் வடக்கே, ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்புள்ள ஒரு பனிமேல் ஏரி ஒன்றரை மணி நேரத்துக்குள் முழுவதும் வடிந்தது. கீழே இருந்த பனியின் தடிமன் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்! நயாகராவின் சராசரி நீரோட்டத்தைவிட அதிக வேகத்தில் தண்ணீர் உள்ளே இறங்கி, அந்தப் பனி முழுவதையும் ஒரு மீட்டருக்கு மேல் தூக்கியது. அங்கே வைத்திருந்த கருவிகளில் இது பதிவாகியிருக்கிறது.

இறங்கிய தண்ணீர் அடிப்பாறைக்கும் பனிக்கும் நடுவில் ஓடுகிறது. பருவத் தொடக்கத்தில் அங்கே சரியான வழி இருக்காது. தண்ணீர் பரவி, அழுத்தம் ஏறி, பனி வழுக்கிக்கொண்டு வேகம் பிடிக்கும். 2002இல் ஜே ஸ்வாலி என்ற பனி ஆய்வாளரும் கூட்டாளிகளும் இந்த வேகத்தை அளந்து வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, உருகினால் பனிப்பரப்பு ஓடி வந்து கடலில் விழுந்துவிடுமோ என்ற கவலை பெரிதானது. ஆனால் கோடை போகப் போகத் தண்ணீர் தனக்கென்று அகலமான சுரங்க வழிகளை உருக்கி எடுத்துக்கொள்கிறது, மடை திறந்த மாதிரி அழுத்தம் குறைந்து வேகமும் தணிகிறது. ரஸ்ஸலை ஒட்டி உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 1990 முதல் பனி நகரும் வேகத்தை ஒரே கோட்டில் அளந்து வந்திருக்கிறது. அங்கே கோடையில் சில நாள் வேகம் மிக அதிகமாகப் போனாலும், பல வருடச் சராசரி கூடவில்லை, கொஞ்சம் குறைந்தே இருந்தது என்று 2008இல் எழுதினார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு, ஏனென்றால் பதினேழு வருடம் விடாமல் ஒரே இடத்துக்குத் திரும்பிப் போனவர்களால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

விளிம்பில் நீங்கள் பார்க்கப்போவது இந்தச் சுரங்கங்களின் வாயைத்தான். உள்ளே போனபோது கண்ணாடியாக இருந்த தண்ணீர் வெளியே வரும்போது கரைத்த சிமெண்ட் போல வரும். பனி தன் அடியில் பிடித்திருக்கிற கற்களைக் கொண்டு பாறையைத் தேய்த்து மாவாக்குகிறது, அந்த மாவுதான் நிறம். அது ஆற்றோடு போய், வற்றும் இடத்தில் காய்ந்து, காற்றில் பறக்கும். நீங்கள் போகிற பள்ளத்தாக்கின் டேனிஷ் பெயரே மணல் பறக்கும் பள்ளத்தாக்கு என்பதுதான், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

*

வடகரை | ஜூன் 10

தூவானம் அண்ணா, ஆற்றுப்படுகை அக்கா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. சண்ட்ஃபுளுக்ட்டாலன் என்ற பெயரை வரைபடத்தில் எத்தனையோ தரம் பார்த்தும் அந்த மணல் பனி அரைத்த மாவு என்று யோசித்ததே இல்லை.

இரண்டு சந்தேகம். தண்ணீர் மாலையில்தான் உச்சத்துக்கு வரும் என்றால், மத்தியானம் வெயில் உச்சியில் இருக்கும்போது ஏன் வருவதில்லை? அப்புறம், ரஸ்ஸலின் வடக்குப் பக்கம் பனி அடைத்து நிற்கும் ஓர் ஏரி இருக்கிறதாம், அது சில நேரம் உடைத்துக்கொண்டு வருமாம். ஜூலையில் அதன் கரையில் நிற்பது பாதுகாப்பா?

*

ஆற்றுப்படுகை | ஜூன் 11

முதல் கேள்வி சுலபம். உருகுவது மத்தியானம், ஆனால் உருகிய தண்ணீர் நொறுங்கிய தோலில் கசிந்து, வாய்க்காலில் சேர்ந்து, குழியில் இறங்கி, அடியில் பல கிலோமீட்டர் ஓடி வெளியே வர நேரம் எடுக்கிறது. பனியின் ஓரத்திலேயே பிறக்கிற சின்ன ஓடைகள் பிற்பகலிலேயே ஏறிவிடும். பெரிய ஆறு மாலையில் ஏறும். கீழே ஊர் வரை போனால் இன்னும் தாமதம்.

ஏரிக்கு வருகிறேன். பள்ளத்தாக்கின் வாயைப் பனியே அணை மாதிரி அடைத்துக்கொண்டு நிற்பதால் அந்த ஏரி உண்டாகிறது. தண்ணீர் ஏற ஏற அதன் அழுத்தம் பனியணையின் அடியில் வழி தேடும். மிகச் சிறிய கசிவு கிடைத்தால் போதும், ஓடுகிற தண்ணீரின் வெப்பமே அந்த வழியை உருக்கிப் பெரிதாக்கும், வழி பெரிதானதும் இன்னும் அதிகத் தண்ணீர் ஓடும். நம்மூரில் கண்மாய்க் கரையில் எலிவளை விழுந்து உடைப்பு எடுக்கிற அதே கதைதான், மண்ணுக்குப் பதில் பனி. வடிந்து முடித்ததும் மேலே உள்ள பனியின் எடை அந்தச் சுரங்கத்தை அழுத்தி மூடிவிடும், ஏரி மறுபடி நிரம்பும்.

இந்த ஏரி இருபது வருடம் அமைதியாக இருந்துவிட்டு 2007 ஆகஸ்ட் 31 அன்று வடிந்தது, ஏறக்குறைய 4 கோடி கன மீட்டர். அடுத்த வருடமே மறுபடி வடிந்தது, ஆனால் அப்போது அதில் மூன்றில் ஒரு பங்குதான் தேங்கியிருந்தது. பனியணை மெலிந்துபோனால் முன்பைவிடக் குறைந்த தண்ணீரே அதைத் தள்ளிக்கொண்டு வெளியேறப் போதும். இப்படி மெலிவதை ஏரியே நமக்குச் சொல்லிவிடுகிறது.

கரையில் உயரமான பாறைத் திட்டில் நின்று பார்ப்பதில் தவறில்லை. ஆனால் வடிந்த ஏரியின் அடியில் இறங்காதீர்கள். அங்கே வீடு அளவு பனிப்பாளங்கள் தரைதட்டிக் கிடக்கும், பார்த்தால் ஆசையாக இருக்கும், அடியில் சேறு முழங்கால் வரை இழுக்கும், பாளமும் உருகிப் புரளும். கீழே ஆற்றோரம் தாழ்ந்த மணல்திட்டில் கூடாரம் போடவும் வேண்டாம். உடைப்பு எப்போது வரும் என்று யாராலும் நாள் குறிக்க முடியாது.

வெள்ளம் என்றால் 2012 ஜூலை 11 நினைவுக்கு வருகிறது. அன்று ஏரி எதுவும் உடையவில்லை, வெப்பம் மட்டும்தான். அந்த வாரம் கிரீன்லாந்துப் பனிப்பரப்பின் மேல்தளம் கிட்டத்தட்ட முழுவதும், 97 விழுக்காடு வரை, உருகியதைச் செயற்கைக்கோள்கள் காட்டின. கங்கர்லுஸ்ஸுவாக் ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாட்சன் ஆற்றில் வந்த தண்ணீர் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. பாலத்தைக் காப்பாற்ற மண் தள்ளப் போன பெரிய இயந்திரமும் ஆற்றில் போனது, ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார். அந்தப் பாலத்தின் பக்கத்தில் நின்று கீழே பாருங்கள். குறுகலான பாறை இடுக்கில் அவ்வளவு தண்ணீரும் எப்படித் திமிறியிருக்கும் என்று அப்போது புரியும்.

*

மேற்குமலை | ஜூன் 12

நான் தேனி மாவட்டத்தில் பள்ளி ஆசிரியர், புவியியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் பனியாற்றின் அரிப்பு, படிவு எல்லாம் பாடத்தில் வருகிறது. மொரைன், அதாவது பனியாறு கொண்டுவந்து குவித்த கல்மேடு, என்று நானும் பத்து வருடமாகக் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுகிறேன், பிள்ளைகளும் எழுதுகிறார்கள், ஆனால் அது எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் கண்ணால் தெரியாது. தம்பி வடகரை, நீங்கள் போகும்போது மொரைனைப் படம் எடுத்து வந்து காட்ட முடியுமா? அழகுக்காக இல்லை, அளவு தெரியும்படி பக்கத்தில் ஒரு கைத்தடியோ பையோ வைத்து எடுங்கள். அப்புறம் பனி நீலமாக இருப்பது வானத்தின் நிறம் என்று ஒரு பிள்ளை சொன்னான், இல்லை என்று தெரியும், சரியாக விளக்கத் தெரியவில்லை.

*

ஆற்றுப்படுகை | ஜூன் 12

ஐயா, பனிக்கட்டி வெளிச்சத்தில் உள்ள சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடுகிறது, நீலத்தை விட்டுவிடுகிறது. ஆனால் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வெளிச்சம் பனிக்குள் நீண்ட தூரம் போய் வர வேண்டும். காற்றுக் குமிழி நிறைய இருந்தால் வெளிச்சம் உள்ளே நுழைந்த உடனேயே சிதறித் திரும்பிவிடும், அதனால் வெள்ளையாகத் தெரியும். குமிழி குறைந்த கெட்டிப் பனியில் வெளிச்சம் ஆழமாகப் போகும், நீலம் தெரியும். மேகமூட்டமான நாளிலும் பனி நீலமாகவே இருக்கும், அதுவே அந்தப் பிள்ளைக்குப் போதுமான பதில். வெள்ளைப் பனியின் நடுவே கோடு இழுத்த மாதிரி நீலப் பட்டை இருந்தால், பழைய பிளவில் தண்ணீர் தேங்கி உறைந்த இடமாக இருக்கலாம்.

கறுப்பையும் சொல்லிவிடுகிறேன். பனிமேல் விழுந்த தூசி வெயிலை உறிஞ்சிச் சூடாகி, தன் அடியில் உள்ள பனியை உருக்கிக்கொண்டே இறங்கும். விரல் பருமனிலிருந்து வாளி அகலம் வரை, துல்லியமான வட்டக் குழிகள், அடியில் கறுப்புச் சேறு, மேலே தெளிந்த தண்ணீர். அந்தச் சேற்றுக்குக் கிரையோகொனைட் என்று பெயர், 1870இல் கிரீன்லாந்துப் பனிமேல் நடந்த நோர்டென்ஷெல்ட் என்ற ஆய்வுப் பயணி வைத்தது. குனிந்து பாருங்கள், உயிருள்ள பொருள் அது, பாசியும் நுண்ணுயிரும் தூசியைப் பிணைத்து உருண்டையாக்கியிருக்கும். பனியின் மேல்தோலில் வளரும் வேறொரு பாசி ஊதா கலந்த பழுப்பு நிறம். மேற்குக் கிரீன்லாந்தில் பனி அழுக்காகத் தெரிவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கறுத்த பனி அதிகம் உருகும்.

*

தூவானம் | ஜூன் 12

ஆசிரியர் ஐயாவுக்கு மொரைன் பற்றி என் பங்குக்கு. பாடத்தில் அதைக் கல்மேடு என்று படிப்போம், ஆனால் ரஸ்ஸல் ஓரத்தில் நான் ஏறிய ஒரு மேடு உள்ளே முழுக்கப் பனி. மேலே ஒரு முழம் கல்லும் மண்ணும் போர்வை மாதிரி மூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஓரிடத்தில் போர்வை சரிந்து உள்ளே கறுத்த பனி பளபளத்தது, அங்கிருந்து சேறு கூழாக வழிந்துகொண்டிருந்தது. ஆகவே தம்பி, கல்தானே என்று நம்பிக் காலை அழுத்தி வைக்காதீர்கள், முழு மேடும் நகரும். கைத்தடியால் குத்திப் பார்த்து நடங்கள்.

இன்னும் சில நடைமுறை விஷயம். கொசுவுக்குத் தலைவலை கட்டாயம், ஜூலையில் அங்கே மேகமாக வரும். பனியை நெருங்கினால் காற்று அடித்துக் கொசுவை விரட்டிவிடும், அதனாலேயே விளிம்பில் நிற்பது சுகம். குடிக்கத் தண்ணீர் பனிமேல் ஓடையில் எடுங்கள், ஆற்றுத் தண்ணீரில் மாவு இருக்கிறது. மழை மிகக் குறைந்த இடம் என்பதால் வெளியேற வழியில்லாத சில ஏரிகள் உப்பேறிக் கிடக்கின்றன, வாயில் வைத்துப் பார்க்காமல் நிரப்பாதீர்கள். கஸ்தூரி எருதுகள் எதிர்ப்படும். 1960களில் 27 எருதுகளைக் கொண்டுவந்து விட்டார்கள், இன்று ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. வழியில் நின்றால் நீங்கள் சுற்றிப் போங்கள், அது விலகும் என்று காத்திருக்காதீர்கள்.

பனிமேல் ஏறுவதாக இருந்தால் காலுக்குக் கிராம்பானும் (காலணியில் மாட்டும் இரும்பு முள்), கூடவே வழி தெரிந்தவரும் வேண்டும். தனியாக ஏறாதீர்கள், இதில் நான் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

*

நெய்தல்வாசி | ஜூன் 13

சென்னையிலிருந்து இதைப் படித்துவிட்டு யாராவது கிளம்பினால் ஒரு தகவல்: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சாதாரண ஷெங்கன் விசா கிரீன்லாந்துக்குச் செல்லாது. டென்மார்க் வழியாக விண்ணப்பித்து, விசாவிலேயே கிரீன்லாந்துக்கும் செல்லும் என்று எழுதி வாங்க வேண்டும். மற்றபடி நல்ல இழை, சேமித்து வைத்துக்கொண்டேன்.

*

வடகரை | ஜூலை 21

போய் வந்துவிட்டேன். நேற்று இரவுதான் வீட்டுக்கு வந்தேன், இன்னும் பையைப் பிரிக்கவில்லை, மண் மாவு வாசம் அப்படியே இருக்கிறது.

தூவானம் அண்ணா, உங்கள் ஓடைக் கதைதான் என் பயணத்தையே மாற்றியது. ஓடை தாண்டாத பாதையாகவே போட்டேன். இரண்டாம் நாள் பெரிய சுவருக்கு எதிரே, ஆற்றுக்கு இந்தப் பக்கம், உயரமான மேட்டில் காலை ஐந்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு ஆற்றின் நடுவில் மணல்திட்டுகள் தெரிந்தன, தண்ணீர் நாலைந்து கிளையாகப் பிரிந்து ஓடியது, பேச்சுச் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி. பதினொரு மணிக்குத் திட்டுகளின் ஓரம் கரையத் தொடங்கியது. மூன்று மணிக்குக் கிளைகள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. ஆறு மணிக்கு ஒரே ஆறு, கரையிலிருந்து கரை வரை, காலையில் கீழே கரையோரம் நான் பார்த்து வைத்த கல்லும் உள்ளே போய்விட்டது. ஒரே இடத்தில் பதின்மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது எனக்கு இதுவே முதல் தடவை.

பாளம் விழுந்ததையும் பார்த்தேன். முதலில் துப்பாக்கிச் சத்தம் மாதிரி ஒன்று, அப்புறம் ஒன்றுமே இல்லை, நானும் பார்வையைத் திருப்பிவிட்டேன். ஒரு நிமிடம் கழித்துச் சுவரின் ஒரு மூலை அப்படியே உட்கார்ந்தது. அலை எதிர்க்கரையில் ஏறிய இடத்தில் முந்தின நாள் யாரோ நின்று படமெடுத்த காலடித் தடங்கள் இருந்தன. அவை அழிந்துவிட்டன.

மூன்றாம் நாள் வழிகாட்டி ஒருவரோடு கயிறு கட்டிப் பனிமேல் போனேன். அக்கா சொன்ன கிரையோகொனைட் குழிகள் ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வானம். ஒன்றில் கைவிட்டு அடியில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன், மிளகு அளவு கறுப்பு உருண்டைகள், விரலில் தேய்த்தால் வழவழப்பாக நசுங்கின. மூலினுக்கு இருபது அடி தள்ளியே நிறுத்திவிட்டார் வழிகாட்டி. உள்ளே எதுவும் தெரியவில்லை, ஆனால் அதன் சத்தம் காதால் கேட்டதைவிட நெஞ்சில்தான் அதிகம் அதிர்ந்தது. அங்கே எனக்குப் பேச வரவில்லை.

அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். சுவரிலிருந்து விழுந்து கரையில் ஒதுங்கிய துண்டு ஒன்றைக் கோப்பையில் தண்ணீரோடு போட்டபோது பொரிகிற மாதிரி வெடித்துக்கொண்டே இருந்தது. அது பழைய காற்று என்று வழிகாட்டி சொன்னார். எவ்வளவு பழையது?

மேற்குமலை ஐயா, மொரைன் படம் பதினான்கு எடுத்தேன், எல்லாவற்றிலும் என் கைத்தடி நிற்கிறது, 120 சென்டிமீட்டர். ஒன்றில் கல்போர்வை சரிந்து உள்ளே பனி தெரிகிறது. நாளை ஏற்றிவிடுகிறேன்.

*

ஆற்றுப்படுகை | ஜூலை 21

நலமாகத் திரும்பியது பெரிய சந்தோஷம். நீங்கள் கேட்டது காற்றுத்தான், பனித்தூவி நசுங்கி இறுகியபோது நடுவில் சிக்கிய காற்று, அழுத்தத்தோடு அடைபட்டது, உருகும்போது ஓடு உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்தத் துண்டின் வயதைத் தனியாகச் சொல்ல முடியாது, ஆனால் இப்படி நினைத்துப் பாருங்கள்: உள்நாட்டில் எவ்வளவு தூரத்தில் விழுந்த பனியோ அவ்வளவு ஆழமாகப் புதைந்து, அவ்வளவு காலம் ஊர்ந்து, கடைசியில் விளிம்புக்கு அவ்வளவு அருகில் மேலே வருகிறது. ஆகவே ஓரத்தில் இருப்பதுதான் பழசு. மேற்குக் கிரீன்லாந்தில் இன்னும் வடக்கே இருக்கும் இலுலிஸ்ஸாட் ஊருக்கு அருகே பாக்கிட்சோக் என்ற இடத்தில் விளிம்பிலேயே 11,700 வருடத்துக்கு முந்திய, பனியுகம் முடியாத காலத்துப் பனி வெளியே தெரிகிறது. ஆழத் துளை போடாமல் அங்கே சங்கிலி ரம்பத்தால் டன் கணக்கில் வெட்டி எடுத்து, அந்தக் காலத்து மீத்தேனை அளந்தார்கள்.

*

மேற்குமலை | ஜூலை 22

தம்பி, படங்கள் வந்ததும் சொல்லுங்கள். பள்ளிக்கூட அச்சு இயந்திரத்தில் வண்ணம் வராது, வெளியே கடையில் பெரிதாகப் போட்டு வகுப்பில் மாட்டப் போகிறேன். கைத்தடியின் நீளத்தை நான் சொல்லாமல், பிள்ளைகளைக் கொண்டே மேட்டின் உயரத்தைக் கணக்குப் போட வைக்கலாமா என்று யோசிக்கிறேன். கோப்பையில் பனி பொரிகிற சத்தத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா?

*

வடகரை | ஜூலை 22

இருக்கிறது ஐயா, நாற்பது நொடி. பின்னால் ஆற்றுச் சத்தமும் கேட்கும். படங்களோடு சேர்த்து அனுப்புகிறேன்.